சொல்லாமலே தெரிந்துகொள்வான்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். இருபத்தேழு வயது, சென்னையில் வேலை. திருச்சிக்கு வந்தால் அம்மா வீட்டில் பையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் என்னிடம் வந்துவிடுவாள். இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"சித்தி, கதையா படிச்சுத் தள்ளினதாலதான் எனக்கு எந்தப் பையனையும் பிடிக்கலைன்னு அம்மா சொல்றாங்க. நிஜமாவா?"

முந்தின வாரம் ஒரு வரன் வந்திருந்தது. இப்போது பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் குறைந்துவிட்டது. இருவரும் ஒரு காபிக் கடையில் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார்கள். பையனிடம் குறை என்று ஒன்றும் இல்லை. "ஆனா எதுவும் தோணலை சித்தி" என்றாள். அவளுக்கு அது போதுமான காரணம். அக்காவுக்கோ அது காரணமே இல்லை. ராத்திரி ஒரு மணி வரை கைபேசியில் கதை படிப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான் முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பன்னிரண்டு வயதிலிருந்து காதல் கதைகளை விடாமல் படித்து வருகிறவள். அவள் கேள்வியைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று இரண்டு முறை டீ போட்டோம். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்கு செய்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அக்கா சொல்லும் குற்றம் பழைய குற்றம். ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' 1856-ல் பாரிஸில் தொடராக வந்தது. கன்னிமாடத்தில் படிக்கும்போதே காதல் கதைகளில் ஊறிய எம்மா, ஒரு சாதுவான நாட்டுப்புற வைத்தியரைக் கட்டிக்கொண்டு, கதையில் வந்தது தன் வீட்டுக்குள் ஏன் வரவில்லை என்று ஏங்கியே அழிந்து போகிறாள். நம் பக்கத்தில் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி'யைக் கையில் எடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்த காலத்தில், பெண்கள் நாவல் படிப்பதே குடும்பத்துக்குக் கேடு என்று நினைத்தவர்கள் குறைவில்லை. நூறு வருடமாகியும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது படிக்கிற பெண்தான். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்தினால் கடைசியில் அவள் மனம் இளகிவிடும் என்று எத்தனையோ படங்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. 'படம் பார்த்துக் கெட்டுப்போய்விட்டான், அதனால்தான் இவனுக்கு எந்தப் பெண்ணையும் பிடிக்கவில்லை' என்று எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் குற்றச்சாட்டு பழையது என்பதாலேயே அதில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. கதைகள் நமக்குள் எதையோ செய்கின்றன. எதை என்பதில்தான் நாம் தப்புக் கணக்குப் போடுகிறோம்.

பணக்காரன், ஆறடி உயரம், சொந்தமாகத் தொழிற்சாலை, ஊட்டியில் பங்களா. இப்படி ஒருவன் வருவான் என்று பெண்கள் காத்திருப்பதாகத்தான் அக்கா மாதிரி நிறையப் பேர் நினைக்கிறார்கள். நான் அறிந்தவரை அப்படிக் காத்திருந்தவர் யாரும் இல்லை. அது கதைக்குப் போட்ட உடுப்பு என்று எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும் தெரியும். தெரியாமல் உள்ளே இறங்குவது வேறு.

என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். எழுபதுகளில் கும்பகோணத்தில் இருந்தோம். வாரம் ஒருமுறை ஒருவர் சைக்கிளில் பெரிய பையை மாட்டிக்கொண்டு வாடகைக்குப் புத்தகம் கொண்டுவருவார். பாதிக்கு மேல் பைண்டு புத்தகங்கள். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தவை. ஒரு பக்கம் கதை, மறுபக்கம் பாதியில் வெட்டுப்பட்ட ஜோக்கோ தைல விளம்பரமோ இருக்கும். மத்தியானம் இரண்டரை மணிக்குப் பாத்திரம் கழுவி, அடுப்படி மெழுகி, தூணில் சாய்ந்து அம்மா உட்காருவாள். நாலு மணிக்குப் பாலுக்கு எழுந்திருக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் கூப்பிட்டால் 'ம்' என்று மட்டும் சத்தம் வரும். லக்ஷ்மியின் கதைகள் என்றால் அம்மாவுக்கு உயிர். லக்ஷ்மி என்பது திரிபுரசுந்தரி என்ற டாக்டரின் புனைபெயர் என்பதும், 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக அவருக்கு 1984-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியும். அம்மாவுக்கு அவர் வெறும் லக்ஷ்மி, மனசுக்கு வேண்டியவர்.

அந்த 1984-ஆம் வருடம்தான் அமெரிக்காவில் ஜேனிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அவர் 'ஸ்மித்டன்' என்று பெயர் மாற்றிச் சொன்ன ஓர் ஊரில், காதல் நாவல்களை விரும்பிப் படிக்கும் நாற்பதுக்குச் சற்று அதிகமான பெண்களிடம் பேசி எழுதியது. அவர்களில் பெரும்பாலோர் குடும்பத் தலைவிகள், பிள்ளை பெற்றவர்கள். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டால், அவர்கள் முதலில் சொன்னது கதையைப் பற்றி அல்ல, நேரத்தைப் பற்றி. அது எனக்கான நேரம், அந்த நேரத்தில் நான் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாம் என்றார்கள். அதைப் படித்தபோது தூணில் சாய்ந்த அம்மாதான் கண்ணில் வந்தாள்.

ராட்வே இன்னொன்றும் கவனித்தார். வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து, எல்லார் மனசையும் பார்த்துப் பார்த்து நடப்பவள் அந்தப் பெண். அவளை அப்படிப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. கதையின் நாயகன் அதைச் செய்கிறான். நம் கதைகளிலும் இது அப்படியே உண்டு. நாயகி சாப்பிடாமல் இருப்பதை அவன் கவனிக்கிறான். 'முகம் வாடியிருக்கே' என்கிறான். என் அப்பா நல்ல மனிதர், கைநீட்டாதவர், சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுத்தவர். ஆனால் நாற்பத்தோரு வருடத்தில் ஒருநாளும் அம்மாவிடம் 'நீ சாப்பிட்டியா' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அம்மா அதைத்தான் வாரா வாரம் காசு காசாகச் சேர்த்து வாடகைக்கு வாங்கிக்கொண்டாள்.

ஆகவே கதை கிளப்பும் எதிர்பார்ப்பு எல்லாமே பொய்யான எதிர்பார்ப்பு என்று சொல்ல நான் தயாரில்லை. என்னைக் கவனிக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதைக் கதையிலிருந்து கற்றுக்கொண்டால் என்ன தவறு? அக்கா மகள் ஒரு புருஷனிடம் இதைக் கேட்கிறாள் என்றால், அவள் பாட்டி கேட்காமல் விட்டதைக் கேட்கிறாள். இந்த இடத்தில் நான் முழுக்க அவள் பக்கம்.

தகராறு இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கதையில் அவன் இதையெல்லாம் *கேட்காமலே* செய்கிறான். அவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஒரு காதல் நாவல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பமேலா ரீஜிஸ் என்ற பேராசிரியர் 2003-ல் வந்த தன் நூலில், ஆங்கிலக் காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்று வகுத்துக் காட்டினார். சந்திப்பு, ஈர்ப்பு, தடை, காதலைச் சொல்லும் இடம், இனிமேல் சேரவே முடியாது என்று தோன்றும் ஒரு கணம், பிறகு உண்மை தெளிவது என்று அது போகும். தமிழ்க் குடும்ப நாவலிலும் இந்த எலும்புக்கூடு தெரியும். ஆனால் நம்மிடம் தடை என்பது பெரும்பாலும் ஜாதியோ வறுமையோ அல்ல. ஒரு சந்தேகம். ரமணிச்சந்திரன் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களில் ஒரு முப்பதையாவது படித்தவர்களுக்கு இது புரியும். அவன் அவளைப் பணத்தாசை பிடித்தவள் என்று நினைத்துவிடுகிறான். அல்லது அவன் இன்னொருத்தியை விரும்புகிறான் என்று இவள் நினைத்துவிடுகிறாள். 'நீ அன்றைக்கு ஏன் அங்கே போனாய்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும். கேட்டால் நாற்பதாம் பக்கத்தில் கதை முடிந்துவிடும். அதனால் கேட்பதில்லை. இருவரும் மனசுக்குள் அழுகிறார்கள், பல்லைக் கடிக்கிறார்கள், தலையணை நனைகிறது. இருநூறு பக்கம் அந்த மௌனத்திலேயே நாமும் கிடக்கிறோம், அது இனிக்கவும் செய்கிறது.

ஏன் இனிக்கிறது என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். படிக்கும்போது நாம் நாயகியாகவே மாறிவிடுவதாக நினைத்துக்கொள்கிறோம். அது சரியில்லை. நாயகிக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். ஒரு பத்தியில் அவள் மனசு, அடுத்த பத்தியில் அவன் மனசு. அவன் எரிந்து விழுந்துவிட்டு அறைக்குள் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'இவளை ஏன் இப்படி வதைக்கிறேன்' என்று உருகுவதை ஆசிரியர் நமக்குக் காட்டிவிடுகிறார். அவளுக்குக் காட்டவில்லை. அவள் அழுதுகொண்டிருக்க, நாம் நிம்மதியாக இருக்கிறோம். ஸ்மித்டன் பெண்களில் சிலர் கடைசிப் பக்கங்களைப் புரட்டி முடிவு நல்லபடியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தையே எடுப்பார்களாம். என் அம்மாவும் அப்படித்தான். பைண்டின் கடைசித் தாளைப் பார்த்துவிட்டுத்தான் முதல் தாளுக்கு வருவாள்.

இந்த நிம்மதிதான் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது என்பது என் எண்ணம். வாழ்க்கையில் நாம் நிற்பது நாயகியின் இடத்தில். எதிரில் இருப்பவன் மனசு நமக்குத் தெரியாது, கடைசித் தாளும் கையில் இல்லை. ஆனால் வாசகியாக இருந்து பழகிய நம்பிக்கை மட்டும் இருக்கிறது. அவன் கடுகடுவென்று இருந்தால் உள்ளே ஏதோ பாசம் ஒளிந்திருக்கிறது என்று படித்துக்கொள்கிறோம். நான் பேசாமல் இருந்தால் என் மனசு அவனுக்குத் தெரிந்துவிடும் என்றும் நினைத்துக்கொள்கிறோம். எனக்குத்தான் அவன் மனசு தெரிகிறதே!

"நான் அப்படியெல்லாம் நினைக்கிறதில்ல சித்தி" என்றாள்.

"போன தடவை பேசினியே, அந்த ஆபீஸ் பையன். ஏன் விட்டுட்டே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாலு நாளில் அவன் ஒரே ஒருநாள்தான் போன் செய்தானாம். காய்ச்சல் என்று அவனிடம் சொன்னாயா என்று கேட்டேன். லீவு போட்டது அவனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா என்றாள். சொல்லும்போதே அவளுக்கே ஏதோ உறைத்த மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். நான் அதை அதற்கு மேல் துருவவில்லை.

முரட்டு நாயகனுக்கு ஒரு வம்சாவளி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1740-ல் சாமுவேல் ரிச்சர்ட்சன் 'பமேலா' என்ற நாவலை வெளியிட்டார். வேலைக்காரப் பெண்ணைப் படாதபாடு படுத்துகிற எஜமானன், அவளை ஒரு வீட்டில் அடைத்தே வைக்கிறான். அவள் உறுதியைக் கண்டு மனம் மாறி, கடைசியில் அவளையே மணக்கிறான். அன்றைக்கு இங்கிலாந்தே அதைப் படித்தது. 1813-ல் ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைடு அண்ட் ப்ரெஜுடிஸ்'. அதில் வரும் டார்சியின் திமிர்தான் பின்னால் வந்த ஆயிரம் நாயகர்களுக்கு மூலப்பிரதி. 1908-ல் லண்டனில் ஜெரால்டு மில்ஸும் சார்லஸ் பூனும் தொடங்கிய பதிப்பகம் 1930-களில் காதல் நாவலுக்கென்றே திரும்பியது. எங்கள் கல்லூரி விடுதியில் தலையணைக்கடியில் இருந்த மில்ஸ் அண்ட் பூன் அதுதான்.

டார்சியிடம் நான் கொஞ்சம் நின்று போக வேண்டும். அந்தக் கதையில் அவன் தன் காதலை ஏதோ தானம் கொடுப்பதுபோல் வந்து சொல்கிறான். நாயகி எலிசபெத் அவன் முகத்துக்கு நேரே முடியாது என்கிறாள். ஏன் முடியாது என்று காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள், அவன் நடத்தை உட்பட. மறுநாள் அவன் நீண்ட கடிதம் ஒன்றை எழுதி அவள் கையில் கொடுக்கிறான். அவள் சொன்னதில் எது சரி, எது தப்பு என்று அதில் விளக்கம் இருக்கிறது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துத் தன் பக்கத்துத் தவறையும் பார்க்கிறாள். பிறகு அவன் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறான். அந்தக் காதல் முழுக்கச் சொன்ன சொல்லிலும் எழுதிய எழுத்திலும் நடந்தது. பின்னால் வந்தவர்களில் பலர் டார்சியின் திமிரை எடுத்துக்கொண்டார்கள், அந்த மறுப்பையும் கடிதத்தையும் விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

நம்மிடம் இந்த முரட்டு நாயகனின் வழி எங்கே போய் முடிந்திருக்கிறது என்று அவளுக்கே தெரியும். லக்ஷ்மியின் 'பெண் மனம்' 1963-ல் 'இருவர் உள்ளம்' என்று படமானது. சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்தது. விருப்பமில்லாமல் கழுத்தை நீட்டிய பெண், புருஷன் திருந்திவிட்டதை மெல்ல மெல்ல உணர்கிறாள். அதில் அவன் திருந்துவதற்கு இடம் இருந்தது, அவளுக்குக் கோபப்பட உரிமை இருந்தது. இன்று கைபேசியில் வரும் தொடர்களில் 'ஆன்ட்டி ஹீரோ' என்றே ஒரு வகை இருக்கிறது. பழிவாங்கத் தாலி கட்டுவான். அறைவான். அறையில் பூட்டுவான். 'அடுத்த யூடி எப்போ?' என்று புதுப் பகுதிக்காக வாசகிகள் தவிக்கிறார்கள். எபிலாக்கில் இரட்டைக் குழந்தைகளோடு அவன் சிரிக்கிறான். அக்கா மகள் இதை நிறையப் படித்திருக்கிறாள். கதையில் படிக்கும்போது எனக்கு எந்த ஆபத்தும் இல்லையே, பயமில்லாமல் பயப்படலாமே என்றாள். அதில் உண்மை இருக்கிறது. பெண்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்களோ அதையே கதைக்குள் இழுத்துவந்து, நல்ல முடிவு கொடுத்து அடக்கிப் பார்க்கிறார்கள். ராட்வேயும் கிட்டத்தட்ட இப்படித்தான் விளக்கினார்.

ஆனால் நம் மண்ணில் அந்தக் கதை எதன்மேல் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பழமொழி வைத்திருக்கிற ஊர் இது. அதை எந்த நாவலாசிரியரும் கண்டுபிடிக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நாவல் படித்திருக்கப் போகிறார்கள்? நாவலால் வந்த வினை இது என்று சொன்னால் அது பொய். ஏற்கெனவே இருக்கிற பழமொழிக்குக் கதை ஓர் அழகான முகத்தை வரைந்து கொடுக்கிறது. அவ்வளவு சொல்லலாம், அதைத் துணிந்து சொல்ல வேண்டும். கோபம் என்பது காதலின் வேறு வடிவம் என்று ஒரு பெண் எந்த வழியில் நம்பினாலும், வெளியேற வேண்டிய நாளில் அவளுக்குக் கால் எழாது. என்னிடம் படித்த ஒரு பெண் அப்படி ஆறு வருடம் காத்திருந்தாள்.

கதை மனசை மாற்றுகிறது என்பதற்கு ஆராய்ச்சி ஏதாவது உண்டா என்று கேட்டாள். உண்டு, ஆனால் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 2000-ல் அமெரிக்காவில் அமன்டா டீக்மன் உள்ளிட்ட மூவர் கல்லூரிப் பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். காதல் நாவல் அதிகம் படிப்பவர்களுக்கு ஆணுறையைப் பற்றிய எண்ணம் அவ்வளவு நன்றாக இல்லை. காதல் வேகத்தில் அதெல்லாம் குறுக்கே வரக்கூடாது என்ற மாதிரி. இத்தோடு நின்றிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. படித்ததால் அப்படி எண்ணினார்களா, அப்படி எண்ணுகிறவர்கள்தான் படிக்க வந்தார்களா என்று தெரியாது. அவர்கள் அடுத்த படியும் எடுத்து வைத்தார்கள். பாதுகாப்பைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதாக எழுதிய கதைப் பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்தவர்களின் எண்ணம் நல்லபடியாக மாறியது. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கதை எந்தப் பக்கம் தள்ளினாலும் மனசு கொஞ்சம் நகர்கிறது என்றால், கதையை ஒதுக்கிவைப்பது வழியல்ல. கதைக்குள் இருவரும் வாய் திறந்து பேச வேண்டும்.

இந்தியாவிலும் பார்த்திருக்கிறார்கள். ஜோதி பூரி, ராதிகா பரமேஸ்வரன் என்ற இரு ஆய்வாளர்கள் தொண்ணூறுகளில் நம் நாட்டு நடுத்தரக் குடும்பத்து இளம்பெண்கள் ஆங்கிலக் காதல் நாவல்களை எப்படிப் படிக்கிறார்கள் என்று தனித்தனியே ஆராய்ந்தார்கள். பரமேஸ்வரன் பேசியது ஹைதராபாத் கல்லூரி மாணவிகளிடம். இங்கிலீஷ் நன்றாக வரும் என்பது வீட்டில் சொல்ல வசதியான காரணமாக இருந்தது. எங்கள் விடுதியிலும் அதே காரணத்தைத்தான் சொல்வோம். ஆனால் யாரும் சொல்லித்தராத உடம்பின் விஷயங்களை, ஆசை என்று ஒன்று பெண்ணுக்கும் உண்டு என்பதை, அந்தப் பெண்கள் அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். வேறு எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்? பாடப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன ஆசிரியைகளை எனக்குத் தெரியும்.

இரண்டாவது டீ வந்தது. 'எதுவும் தோணலை' என்பதற்கு அப்போதுதான் வந்தோம்.

ரேமண்ட் நீ என்ற உளவியலாளர் 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார். காதலைப் பற்றி மனிதர்களிடம் இரண்டு விதமான நம்பிக்கை இருக்கிறது என்றார். இவர் எனக்கென்றே அமைந்தவரா இல்லையா என்பது முதலிலேயே தீர்ந்த விஷயம் என்பது ஒன்று. பழகப் பழக, சண்டை போட்டுச் சமாதானமாகி உருவாவதுதான் உறவு என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கை பலமாக உள்ளவர்களுக்குத் தொடக்கம் நிறைவாக இருந்தால் உறவு நீள்கிறது. தொடக்கத்தில் ஏதாவது இடறினால், 'இவர் அவர் இல்லை போல' என்று சீக்கிரம் விலகிவிடுகிறார்கள். காதல் நாவல் முதல் நம்பிக்கையின் பக்கம் இருக்கிறது. முதல் சந்திப்பில் அவள் தடுக்கி விழ வேண்டும், அவன் தாங்க வேண்டும், உடம்பில் மின்சாரம் ஓட வேண்டும். காபிக் கடையில் நாற்பது நிமிடத்தில் மின்சாரம் ஓடவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு அக்காவின் நினைவும் வந்தது. அக்கா காதல் கதை படிப்பதில்லை. ஆனால் பத்துப் பொருத்தத்தில் ஒன்பதாவது இல்லாமல் ஒரு ஜாதகத்தையும் கையில் தொட மாட்டாள். தாரமும் குருவும் தலைவிதிப்படி என்பாள். இன்னாருக்கு இன்னார் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது, நாம் செய்ய வேண்டியதெல்லாம் சரியான ஆளைக் கண்டுபிடிப்பது மட்டும் என்ற நினைப்பு தாய்க்கும் மகளுக்கும் ஒன்றுதான். ஒருத்தி கட்டத்தில் தேடுகிறாள், இன்னொருத்தி நெஞ்சுத் துடிப்பில் தேடுகிறாள். அக்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மகள் மனசில் இருப்பது வெளியிலிருந்து வந்த நோய் என்று அவள் நினைக்கிறாள். வீட்டிலேயே விளைந்ததுதான் அதுவும்.

நம்முடைய பழைய காதல் இப்படி இல்லை என்பதைத் தமிழ் ஆசிரியையாக இருந்துவிட்டுச் சொல்லாமல் போக முடியவில்லை. சங்க அகப்பாட்டில் தலைவி தனியாக இல்லை. கூடவே தோழி இருக்கிறாள். தலைவன் சொல்லை அவள் நிறுத்துப் பார்க்கிறாள். வந்து வந்து போகிறாயே, எப்போது மணப்பாய் என்று நேருக்கு நேர் கேட்கிறாள். அதற்கு 'வரைவு கடாதல்' என்று துறைப்பெயரே உண்டு. தலைவி வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தோழி செவிலியிடம் சொல்கிறாள், அது அறத்தொடு நிற்றல். அதாவது கேட்பதற்கும் சொல்வதற்கும் அன்றைய காதல் ஓர் ஆளை நியமித்தே வைத்திருந்தது. இன்றைய நாவலில் நாயகிக்குத் தோழி இருந்தாலும் இரண்டாம் அத்தியாயத்தோடு காணாமல் போய்விடுகிறாள். இல்லாவிட்டால் அவள் அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்துவிடுவாள்.

வள்ளுவரின் காமத்துப்பாலும் அப்படித்தான். இருபத்தைந்து அதிகாரம். கண்டதும் மயங்குவதில் தொடங்குகிறது, ஆனால் கல்யாணத்தில் முடியவில்லை. புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசி மூன்று அதிகாரமும் சிணுங்கலும் சண்டையும் சமாதானமும். ஊடலுக்கு உப்பைத்தான் உவமை சொல்கிறார், அளவு தப்பக் கூடாது என்பதற்காக. ஒருவரோடு ஒருவர் வாழ்ந்து பழகியவர்களுக்குத்தான் அந்த அதிகாரங்கள் புரியும். பத்தாம் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. காமத்துப்பாலைத் தாண்டிப் போய்விடுவோம். பிள்ளைகள் அதைத் தாண்டிப் போகவில்லை, வேறு இடத்தில் தேடிக்கொண்டார்கள்.

"அப்ப நான் கதை படிக்கிறதை நிறுத்தணுமா?"

"எதுக்கு? நான் நிறுத்தினேனா?"

படி என்றேன். படிக்கும்போது ஒரு காரியம் மட்டும் செய்து பார். அவன் மனசில் என்ன என்று ஆசிரியர் சொல்கிற பத்தி வருமல்லவா, அதைக் கையால் மூடிக்கொள். அவளுக்குத் தெரிந்தது மட்டும் உனக்கும் தெரிந்தால், அவன் எப்படித் தெரிகிறான் என்று பார். சில கதைகளில் அப்போதும் அவன் நல்லவனாகத் தெரிவான். அது நல்ல கதை. சிலவற்றில் உனக்குக் குலை நடுங்கும். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கைபேசியை எடுத்து, பாதியில் விட்டிருந்த ஒரு தொடரைத் திறந்து, பெருவிரலால் திரையின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தாள்.

அந்தக் காபிக் கடைப் பையனிடம் என்ன கேட்டாய் என்று பிறகு கேட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்றாள். அவரும் சம்பளம், வேலை நேரம், வெளிநாடு போகும் எண்ணம் உண்டா என்பதையெல்லாம்தான் கேட்டாராம். நாற்பது நிமிடமும் இப்படியே போனால் யாருக்குத்தான் என்ன தோன்றும்? இன்னொரு முறை பார்க்க அவனும் சம்மதம் சொல்லியிருக்கிறான். சரி, என்ன கேட்கலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது வீட்டில் யார் சமைப்பார்கள்? கடைசியாக யாரோடு சண்டை போட்டீர்கள், எப்படிச் சமாதானமானீர்கள்? எதற்கு அழுதீர்கள்? இந்த மூன்றையும் நான் சொன்னேன்.

பேனாவை மூடப்போனவள் மறுபடி திறந்து, நாலாவதாக ஒன்றைத் தானே எழுதினாள். எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினாள்.

'நான் கோவத்துல பேசாம இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?'

"இதையே முதல்ல கேளு" என்றேன். அவரும் பதிலுக்கு இதையே என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.